இடம் தேவை

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று சொல்வார்கள், சார். நான் பினாயில் கொடுக்கவில்லை. புத்தகம்தான் கொடுத்தேன்.

பெங்களூர் தொம்மலூரில் என் வீட்டு மாடியறையிலிருந்து ‘ஏட்டுப்பெட்டி’யை நடத்துகிறேன். போனில் தமிழ்ப் புத்தகம் படிக்கிற செயலி, முழுக்க இலவசம். புத்தகத்தைத் திறந்து காட்டுகிற செயலிக்கு, படிக்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்ற விவரம் எதற்கு? ஒரு நிமிடம் யோசித்தால் விளங்கிவிடும். யோசிக்க மாட்டார்கள். தடிதடியான நாவலுக்கெல்லாம் குற்றங்குறை எழுதி அனுப்புவார்கள், திரையில் வருகிற ஒற்றை வரியைப் படிக்க மாட்டார்கள். இந்த லட்சணத்தில் இவர்கள் வாசகர்களாம்.

அந்த வரி நான் எழுதியது. ‘புத்தகம் படிக்க இடம் தேவை. அடுத்து வரும் கேள்விக்கு அனுமதி என்று அழுத்தவும்.’ போனில் காலியாகக் கிடப்பதும் இடம்தான், நீங்கள் நிற்பதும் இடம்தான். இதில் பொய் எங்கே இருக்கிறது? இருப்பிடத்தைக் காட்டலாமா என்று போனே அடுத்து தெளிவாகக் கேட்கும். அதற்குள் விரல் அழுத்திவிட்டிருக்கும். கிடைத்த விவரத்தை விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுப்பேன். ஊரில் பலரும் செய்கிற தொழில்தான்.

ஜெனிஃபர் என்ற ஒருத்தி மட்டும் கேட்டாள். உதவி எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். “அண்ணா, இடம்னு கேக்குதே, போன்ல இருக்கிற இடமா, இல்ல நான் இருக்கிற இடமாண்ணா? வூட்டுக்காரரு என் கைய ஒடச்சிட்டாரு. சொல்லாம வந்துட்டேன். நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியக் கூடாது.”

எனக்கு எரிச்சல் வந்தது. ஓசியில் வாங்குகிறவளுக்குச் சந்தேகம் வேறு. “போன்லதாம்மா, புக்கு வைக்க. பயப்படாம அழுத்து” என்று பதில் போட்டேன். “ரொம்ப தேங்க்ஸ்ணா” என்றாள்.

அடுத்த மாதம் அவள் புருஷன் குணசேகர் கோலார் தங்கவயலிலிருந்து என்னைத் தேடி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு. அவள் விட்டுவிட்டு வந்த பழைய போனில் என் செயலி இருந்தது, அதில் என் எண் இருந்தது. அவள் சிம்மை மாற்றியிருக்கிறாள், போனை மாற்றியிருக்கிறாள், பெற்ற தாய்க்குக்கூட முகவரி சொல்லவில்லை. ஏட்டுப்பெட்டிக்குள் மட்டும் பழைய கணக்கிலேயே நுழைந்திருக்கிறாள். பாதி படித்த நாவலில் விட்ட பக்கம் தொலைந்துவிடுமாம். ஒரு நாவலை விட மனசு வராதவளுக்கு ஒளிந்து வாழ என்ன யோக்கியதை இருக்கிறது?

“கோச்சிக்கினு வந்துட்டா சார். பேசி கூட்டினு போயிடுவேன்,” என்றார் குணசேகர். அது பொய் என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். ஸ்ரீராம்புரத்துச் சந்து ஒன்றில் புள்ளி நின்றது. அவர் ரூபாய் நீட்டினார். நான் வாங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சந்துக்குப் போய் நின்று எனக்குப் போன் செய்தார். அங்கே வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், புள்ளியை வைத்து வீட்டைச் சொல்ல முடியாது. “எந்த வூடுன்னு தெர்ல சார். எல்லாம் சாத்திக்கீது,” என்றார். அப்போதாவது விட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஒரு வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை.

‘புதுப் புத்தகம் வந்திருக்கிறது’ என்று அவள் ஒருத்தியின் போனுக்கு மட்டும் அறிவிப்பு அனுப்பினேன். கூடவே மணி அடிக்கும். அவர் லைனிலேயே இருந்து காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். இன்னொரு தடவை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். “கேக்குது சார், பச்சைக் கதவு,” என்றார். தட்டுகிற சத்தம் கேட்டது. யாரு என்று அவள் கேட்டதும் கேட்டது. நான் போனை வைக்கவில்லை. அவள் சத்தம் அடங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொன்றது குணசேகர். நான் அவளைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அறிவிப்பு அனுப்பலாமா என்று செயலி முதல் நாளே கேட்டுவிட்டது, சார். அனுமதி என்றுதான் அழுத்தியிருந்தாள்.