நகராத போன்கள்

என் அப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் போன் செய்தவன் நான். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் அப்படி இருக்கிறார்கள்? உங்களைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்; பொதுவாகச் சொன்னேன்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி. நம் கம்பெனிக்கு இத்தனை டவர்கள் இருக்க, முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த ஒன்றில் மட்டும் விதியை ஏன் மாற்றி வைத்தேன் என்று. சொல்கிறேன். ஆனால் தொழிலிலிருந்து ஆரம்பித்தால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும்.

பைக்குள் போன் சும்மா கிடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது சும்மா கிடப்பதே இல்லை. டவரோடு பேசிக்கொண்டே இருக்கும். "இருக்கியா?" "இருக்கேன்." "அங்கேயேதானா?" "அங்கேயேதான்." ஒரு டவரில் நாலைந்து அலைவரிசைகள். இந்தக் குசல விசாரிப்பு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நடக்கும். இதைச் சிக்னலிங் என்போம். டிக்கெட் வாங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளும் பயணியைப் போல, காசும் தராது, இடத்தையும் விடாது. அதைக் குறைப்பதுதான் என் உத்தியோகம்.

அந்த இல்லத்தில் இருந்த என் அப்பாவும் முழுக்க முழுக்கச் சிக்னலிங்தான்.

"என்னப்பா விஷயம்?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா, இருக்கியான்னு பாத்தேன்."

இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவை. எதிர்க் கட்டில்காரரின் குறட்டை, குளியலறைக் குழாயின் ஒழுகல், மறுபடியும் குறட்டை, இவைதான் பேச்சு. நான் காதில் போனை வைத்துக்கொண்டு உம் கொட்டுவேன். "உங்கப்பாகிட்ட பேசும்போது மட்டும் பல் டாக்டர் முன்னாடி உக்காந்த மாதிரி ஆயிடறீங்க" என்பாள் மனைவி. ஒருமுறை மேலதிகாரிகள் முன்னால் நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்து சொன்னேன்: "இனிமே நீங்க கூப்பிடாதீங்கப்பா. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு நானே கூப்பிடறேன்."

"சரிப்பா. நீ கூப்பிடு, நான் எடுக்கறேன். நான் கூப்பிடவே மாட்டேன்." சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இடம் நகராத போன்களை எதற்கு ஓயாமல் விசாரிக்க வேண்டும்? அவற்றை ஒரு குழுவாக்கி, ஒரே அலைவரிசையில், எப்போதாவது ஒருமுறை விசாரித்து, மற்ற நேரம் தூங்க விட்டால் போதாதா? அழைப்பு வந்தால் அதில் ஒரே ஒரு முறை குரல் கொடுப்போம். போன் அப்போது விழித்திருந்தால் மணி அடிக்கும். தூங்கிக்கொண்டிருந்தால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று கூப்பிட்டவரிடம் சொல்லிவிடுவோம். சிக்னலிங் பாதியாகக் குறைந்தது. எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். வீட்டில் அதன்மேல் மனைவி சீப்பு வைக்கிறாள்.

நகராத போன்கள் யாருடையவை என்று நீங்கள் கேட்கவில்லை. அப்போதும் யாரும் கேட்கவில்லை. நகராத மனிதர்களுடையவை.

இல்லத்து மேலாளர் அம்மா ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "சார், எங்க பெரியவங்களுக்குப் போனே வரமாட்டேங்குது. போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தே இருக்காங்க." டெக்னீஷியனை அனுப்பினேன். அவர் ஒரு போனை வாங்கி, அறை அறையாக நடந்து பார்த்தார். அடித்தது. நகர்ந்தால் அடிக்கும்தானே. குறை எதுவும் இல்லை என்று எழுதி முடித்தோம். கூப்பிட்ட பிள்ளைகளிடமிருந்தோ ஒரு புகார்கூட வரவில்லை. 'கூப்பிட்டேன், கிடைக்கலை' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிந்தது அவர்களால். நம் கம்பெனி மக்களுக்குச் செய்த சேவைகளில் இதைவிடப் பெரியது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நானும் ஆறு மணிக்குத் தவறாமல் கூப்பிட்டேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' சொல்லும் அந்தப் பதிவுக்குரல் பெண்மீது எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. குறட்டையைப் பற்றி அவள் பேசவே மாட்டாள்.

பிறகு ஒருநாள் நேரில் போனேன். அப்பா இளைத்திருந்தார்.

"என்மேல ஏதும் கோவமாப்பா? போனே பண்றதில்லையே."

"பண்றேன்பா. கிடைக்க மாட்டேங்குது. நீங்களே பாருங்க." என் போனை எடுத்துக் காட்டினேன். ஞாயிறு, ஆறு மணி. ஞாயிறு, ஆறு மணி. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. எதிர்க் கட்டில்காரரைத் தட்டி எழுப்பினார்.

"யோவ், எழுந்திரு. எம்புள்ள கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான்யா. இந்தச் சனியன் புடிச்ச போன்தான் சொல்ல மாட்டேங்குது."

அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. நானும் மனுஷன்தானே. "ஒரே எடத்துல உக்காந்திருக்காம கொஞ்சம் நடந்து பாருங்கப்பா, கிடைக்கும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தொழில் தெரிந்தவனுக்கு உண்மை அப்படித்தான் நழுவி விழும்.

அடுத்த ஞாயிறு நான் கூப்பிட்டதும் மணி அடித்தது.

"ஹலோ! கெடச்சிருச்சுப்பா! நடந்துக்கிட்டே பேசறேன், நின்னா போயிருமோன்னு பயமா இருக்கு!" மூச்சு வாங்க வாங்க ஒரு மணி நேரம் பேசினார். விஷயம் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலை அந்த ஒரு டவரில் மட்டும் விதியின் எல்லையை அகட்டினேன். இல்லத்து வளாகத்துக்குள் எவ்வளவு நடந்தாலும் நகராததாகவே கணக்கு. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: மணி அடித்தது, அதனால் மாற்றினேன்.

அப்பா விடவில்லை. மேலாளர் அம்மா பிறகு சொன்னார்: "வராண்டாவுல நடந்தாரு, தோட்டத்துல நடந்தாரு. 'இன்னும் கொஞ்சம் தூரம் போகணும் போலிருக்கு'ன்னு கேட்டைத் தாண்டிப் போக ஆரம்பிச்சிட்டாரு சார்."

கடைசி ஞாயிறு பெரிய சாலைவரை போயிருக்கிறார். ஆறு மணிக்கு நான் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணின் குரலை எதிர்பார்த்தவனுக்கு மணிச்சத்தம் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. வைத்துவிட்டேன். கை தானாகச் செய்த வேலை அது.

சாலையோரப் பழக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தாராம். "ரோட்டைத் தாண்டிக்கிட்டிருந்தாருங்க. போன் அடிச்சதும் சிரிச்சுக்கிட்டே எடுத்தாரு. அதுக்குள்ள கட்டாயிருச்சு போல. மறுபடி அடிக்கும்னு நடு ரோட்டுலயே நின்னு போனையே பாத்துக்கிட்டிருந்தாரு. நான் கத்தினேன், காதுல விழலை. லாரிக்காரன் என்ன செய்வான்?"

அவராகவே என்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கூப்பிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாரே.

அந்தப் போனை என்னிடம் கொடுத்தார்கள். திரையில் ஒரு கீறல்கூட இல்லை. தவறிய அழைப்பு ஒன்று. என் பெயர், ஆறு மணி. நீங்களே பாருங்கள், இதோ இருக்கிறது. நான் தவறாமல் கூப்பிட்டேன் என்பதற்கு இத்தனை நாளும் என் போனில் மட்டும்தான் சாட்சி இருந்தது. இப்போது அவர் போனிலும் இருக்கிறது.