ட்யூபாவின் அளவறிந்த ரூஃபஸ் அவர்களுக்கு, அதைத் தூக்கியவர்கள் எழுதியது

மூச்சைப் பித்தளையில் ஊற்றி முழு அரங்கையும் தாங்கியவரே, முப்பத்தொரு ஆண்டுகள் முதல் வரிசைப் புகழுக்கு ஆசைப்படாமல் கடைசி வரிசையில் கனத்து நின்றவரே, போலாரம் சிம்பொனிக் குழுவின் பெரியவர் திரு. ரூஃபஸ் அவர்களே, வணக்கம்.

குழுவின் பிரிவுபசார மடலை ஆங்கிலத்தில் அழகாக வாசித்துவிட்டார்கள். இது, கருவிகளை லாரியில் ஏற்றி இறக்கும் எங்களுடையது. முழங்கால் இனி நிற்கவிடாது. வேதாசலமாகிய நான் உட்கார்ந்தே இதை வாசிக்கிறேன், பொறுத்தருள்க.

அளவறிந்த அண்ணலே!

நம் கிடங்கில் அடிக்குரலில் முழங்கும் பித்தளை ஊதுகருவி, ட்யூபா, இரண்டு. பெரியது பெட்டியோடு முப்பது கிலோ, சிறியது பதினெட்டு. எங்களுக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான். நீங்களோ முதல் ஒத்திகையில் ஊதவே மாட்டீர்கள். டிராம்போன் எத்தனை, டபுள் பேஸ் எத்தனை, கூரை எவ்வளவு உயரம் என்று எண்ணிக்கொண்டு, காலி நாற்காலிகளின் கடைசியில் போய் உட்கார்ந்து கேட்பீர்கள். எட்டு ஹார்ன் முழங்கும் ஜெர்மன் சிம்பொனி என்றால் பெரியது. அத்தனை பித்தளைக்கும் அடியில் அது தரை போலக் கிடக்க வேண்டும். பழைய பிரெஞ்சுக்காரர்களின் மெல்லிய சிம்பொனி என்றால் சிறியது. அங்கே பெரியதைக் கொண்டுபோனால் பக்கத்து டிராம்போனை விழுங்கிவிடும்.

“கைக்கு, எதுக்கு சார் இவ்ளோ யோசனை? பெருசுதான ஜோரு?” என்று எங்கள் முரளி ஒருநாள் கேட்டான். “வீட்டுல அண்டா இருக்குன்னு ரெண்டு பேருக்கு அதுலயா ரசம் வைப்ப?” என்றீர்கள். அதன்பின் எந்தக் கல்யாணத்தில் அண்டாவைப் பார்த்தாலும் முரளி உங்களுக்கு வணக்கம் வைக்கிறான்.

எழுத்தறியா எங்களுக்கும் இசைவாய் ஒரு வழி கண்டவரே!

எங்களில் அப்போது யாருக்கும் படிக்கத் தெரியாது. எனவே, எடுத்துப் போக வேண்டிய பெட்டியின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். துணி கட்டிய பெட்டி லாரியில் ஏறும், கட்டாதது கிடங்கில் தூங்கும். பதினைந்து ஆண்டுகள் அந்தத் துணி ஒருமுறையும் தவறாகச் சொன்னதில்லை.

ஒருமுறை தவறாகச் சொன்னது. அதைத்தான் நான் இங்கே வாசிக்க வேண்டும்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், திருமுல்கேரி அரங்கில், அந்த எட்டு ஹார்ன் சிம்பொனி. மேடை மூன்றாம் மாடியில் இருந்தது; லிஃப்ட் ஓடவில்லை. எனக்கு இடுப்புப் பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலையில் கிடங்கைத் திறந்தால் துணி பெரிய பெட்டியில் தொங்கியது. அவிழ்த்து, சிறிய பெட்டியில் கட்டினேன். ஊதுவது அவர், பித்தளை பித்தளைதானே என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டேன்.

மேடையில் பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள். பிறகு கைப்பிடியின் முடிச்சைப் பார்த்தீர்கள். அது உங்கள் முடிச்சு இல்லை. என்னைப் பார்க்கவில்லை. அன்று அடியில் தரை இல்லாமல் அத்தனை பித்தளையும் அந்தரத்தில் கத்தியது எனக்கே கேட்டது. முடிந்ததும் இசை நடத்துநர் எல்லார் முன்னிலும் எந்த முட்டாள் இதைத் தேர்ந்தெடுத்தான் என்று கேட்டார். நான்தான் என்றீர்கள்.

படிக்கட்டில் உங்கள் பின்னாலேயே ஓடிவந்தேன். நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: “நான் தப்பாச் சொன்னா திட்டுவாங்க வேதாசலம். நீ தப்பாத் தூக்குனா வேலைய விட்டே அனுப்பிடுவாங்க. போய் லாரியில ஏத்து.”

திட்டோடு நிற்கவில்லை. அளவு சொல்லும் உரிமையையே உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். துணி போய், எந்தப் பெட்டி என்று எழுதிய சீட்டு கமிட்டியிலிருந்து வந்தது. நாற்பத்தாறு வயதில் நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தச் சீட்டுக்காகத்தான். கூட்டிப் படித்தால், ஒவ்வொரு முறையும் பெரியது, பெரியது, பெரியது. மெல்லிய சிம்பொனிகளிலும் அந்தப் பெரியதை மடியில் வைத்து, யாரையும் விழுங்கிவிடாமல் மூச்சைப் பாதியாய்ப் பிடித்துப் பதினாறு ஆண்டுகள் வாசித்தீர்கள். பன்னிரண்டு கிலோவுக்குப் பயந்து நான் செய்த வேலைக்கு அதே பன்னிரண்டு கிலோவை அத்தனை ஆண்டும் தூக்கினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் மூச்சை நினைத்தால்தான் மனம் ஆறுவதில்லை.

இதைத் தட்டச்சு செய்த அலுவலக ஆக்னஸ் மேடம், “ஹவ், ஆமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஃபிரேம் போட்டு மாட்டுறது. இந்தத் துணி மாத்துன பேரா மட்டும் நக்கோ, வேணாம் வேதாசலம்” என்றார். அந்தப் பேராவுக்காகத்தான் மேடம் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றேன். அதையும் சேர்த்து அடித்துக் கொடுத்தார். கமிட்டித் தலைவர் கிருஷ்ணகுமார் அவர்கள் முன்னிலையில் சொல்கிறோம்: ரூஃபஸ் அவர்கள் அளவில் ஒருநாளும் தவறியதில்லை. இது சுவரில் தொங்கட்டும். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கட்டும்.

பொறுமையின் பெருமகனே!

இனி உங்கள் மூச்சு உங்களுக்கே. யாருக்காகவும் பாதியில் பிடிக்காமல் முழுசாய் இழுத்து முழுசாய் விட்டு, முட்டி வலியில்லாமல், மாத்திரை குறைந்து, பேரன் பேத்தி சூழ நெடுநாள் வாழ்க.

கடைசியாக ஒன்று. இந்த விழா முடிந்ததும் குழு வாசிக்கப் போகிறது; உங்களுக்கு இது கடைசி மேடை. இன்றைய சீட்டிலும் பெரியது என்றுதான் எழுதியிருக்கிறது. நாங்கள் இரண்டையும் தூக்கி வந்திருக்கிறோம். இன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. பெட்டிகள் மேடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் மேசையில் மாலைக்கு அடியில் பாருங்கள். அந்தச் சிவப்புத் துணி இருக்கிறது. நீங்களே கட்டுங்கள் சார்.

இங்ஙனம்,
உங்கள் சுமையில் பங்கு கொண்ட
வேதாசலம், முரளி, சகுந்தலா
ஏற்று இறக்குத் தொழிலாளர்கள், போலாரம்