இருபது மில்லிமீட்டர்

அன்று சனிக்கிழமை மத்தியானம் தம்பி தேநீரில் பிஸ்கட்டை முக்கினான். அது உடைந்து அடியில் போய்விட, கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டே சிரித்தான். நாங்கள் சேர்ந்து குடித்த கடைசித் தேநீர் அது.

ஐயா, நீங்கள் கேட்டபடி எழுதித் தருகிறேன். இறைச்சிக்கூடத்தில் தரம் பார்ப்பவன் நான். வெட்டிச் சுத்தம் செய்த பன்றி கொக்கியில் தொங்கியபடி என் முன் வந்து நிற்கும். துப்பாக்கி போன்ற கருவியின் ஊசியை விலா எலும்புகளுக்கு நடுவே இறக்குவேன். கொழுப்பு எத்தனை மில்லிமீட்டர், சதை எத்தனை மில்லிமீட்டர் என்று அது சொல்லிவிடும். அதன்படி தர முத்திரை குத்துவேன். தினமும் காலையில் கருவியை ஒரு பிளாஸ்டிக் கட்டையில் குத்திப் பார்க்க வேண்டும். கட்டையின் கனம் இருபது மில்லிமீட்டர். கருவி இருபது காட்டாவிட்டால் திருகிச் சரிசெய்வேன். பதினோரு வருடத்தில் என் அளவை ஒருவரும் குறை சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால்கூட என்னைத் ‘தராசு’ என்றுதான் சொல்வார்கள்.

சுத்தம் எனக்கு முக்கியம். சொரசொரப்பான நார் போட்டு அந்தக் கட்டையைத் தினமும் நானே தேய்த்துக் கழுவுவேன்.

தம்பி அங்கேயே இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். தேநீர் முடிந்ததும் கட்டையை எடுத்துத் தன் அளவுகோலில் வைத்துப் பார்த்தான்.

“அண்ணே, இது பதினெட்டுதான் இருக்கு. நீங்க தேய்ச்ச தேய்ப்புல கட்டையே தேஞ்சு போச்சு.”

“இருபதுன்னு செதுக்கியிருக்குல்ல?”

“செதுக்குனது சைடுல இருக்குண்ணே, அது எப்படித் தேயும்? பதினோரு வருஷமா வந்த பன்னியையெல்லாம் குண்டு, குண்டுன்னு சொல்லியிருக்கீங்க. வாய் இருந்தா அதுங்க மானநஷ்ட வழக்கு போட்டிருக்கும்.”

“வெளிய சொல்லாதடா.”

“திங்கக்கிழமை சொல்லித்தாண்ணே ஆகணும். தப்பு உங்க மேல இல்ல, கட்டை மேலதான்னு சொல்லிடுறேன்.”

அவன் நல்லவன். என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தான். “ஒரு பன்னியை வெட்டிக் காட்டுறேன், நீங்களே அளந்து பாருங்க” என்று கத்தியோடு, பன்றிகள் தொங்கும் குளிர் அறைக்குள் போனான். மற்றவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஞாயிறு விடுமுறை. திறந்து கிடந்தால் குளிர் வீணாகும் என்பதால் கதவை மூடினேன். உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. அதைச் சரிசெய்வது அவன் வேலை. செவ்வாய்க்கிழமையே நான் எழுத்தில் கொடுத்திருந்தேன்.

நாற்பது நிமிடம் தட்டினான். “அண்ணே, அண்ணே” என்றுதான் கூப்பிட்டான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. அதற்குள் நான் இரண்டு குவளைகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேசைமேல் இருந்த அவன் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் மனைவி கூப்பிட்டாள். “மாமா, அவரு அங்க வந்தாரா? போன் போகவே மாட்டேங்குது.”

“எங்கயாவது சிநேகிதங்களோட போயிருப்பான்மா. நீ சாப்பிட்டுப் படு.”

அவன் ஒல்லி. விலாவோரம் ஆறு மில்லிமீட்டர் கொழுப்பு இருந்தால் அதிகம். என் கருவியில் எட்டு காட்டியிருக்கும். கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்திருந்தால் திங்கட்கிழமைவரை தாங்கியிருப்பான். நேரத்துக்குச் சாப்பிடு என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அடக்கத்தன்று என்னை இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த அழுகை பொய்யில்லை.

கதவை மூடியது நான்தான். அவன் உள்ளே இருப்பது தெரிந்தே மூடினேன். ஆனால் என் அளவு ஒருநாளும் தப்பியதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டை இப்போது உங்கள் மேசையில், சீல் வைத்த பைக்குள் இருக்கிறது. பக்கவாட்டில் இருபது என்று செதுக்கியிருக்கிறது. நேற்று உங்கள் ஆள் இரண்டு முறை அளந்தார். இரண்டு முறையும் பதினெட்டு.