சொன்ன நிமிஷத்துக்கு விழுந்த பரண்

சாப்பிட உட்காரும்போது நான் எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவேன். ஹோட்டலானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி. என் மனைவிக்கு இது பழகிவிட்டது. எங்கே போனாலும் அந்த நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். தீயணைப்பு நிலையத்தில் பதினோரு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவனுக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும்.

நீங்கள் விசாரணை அதிகாரி, மேடம். சட்டம் தெரியும். என் வேலை தெரிந்திருக்க நியாயமில்லை. தீப்பிடித்த இடத்தில் எல்லோரும் தீயைப் பார்ப்பார்கள். நான் அதை அணைக்கப் போனவர்களைப் பார்ப்பேன். தண்ணீர்க் குழாயைத் தொடமாட்டேன், ஏணியில் ஏறமாட்டேன். பச்சை மேலங்கி, கையில் ஒரு பலகை, அவ்வளவுதான். உள்ளே யார் போனார்கள், எத்தனை மணிக்கு, முதுகிலிருக்கும் சிலிண்டரில் காற்று எவ்வளவு என்று எழுதிக்கொள்வேன். பிறகு கட்டடத்தைச் சுற்றி வருவேன். விரிசல் ஓடுகிறதா, கூரை தொய்கிறதா, புகை நிறம் மாறுகிறதா என்று பார்ப்பேன். சரியில்லை என்று பட்டால் வண்டி டிரைவரிடம் ஒரு வார்த்தை. அவர் மூன்று முறை நீளமாக ஹாரன் அடிப்பார். உள்ளே இருப்பவர்கள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே வந்தாக வேண்டும்.

முதல் எட்டு வருஷம் அந்த ஹாரனுக்குப் பெரிதாக வேலை வரவில்லை. பிறகு ஒரு பெயிண்ட் கிடங்கு எரிந்தது. பின்சுவரில் பதித்திருந்த ஓடுகள் சோளம் பொரிவதுபோல் ஒவ்வொன்றாகத் தெறிப்பதைப் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. ஹாரன் அடிக்கச் சொன்னேன். நாலு பேரும் வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றக்கூட இல்லை, கூரை முழுசாக உட்கார்ந்துவிட்டது.

அந்த நாலு பேரில் என் மச்சினனும் ஒருவன், என் மனைவியின் தம்பி. எப்போதும் முதல் ஆளாக உள்ளே போகிறவன். அத்தனை பேர் முன்னால் என்னை இடுப்போடு தூக்கிச் சுற்றினான்.

"மாமா, இனிமே நீங்க நில்லுன்னா நிப்பேன், ஓடுன்னா ஓடுவேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு நடந்துதான் போனேன், கால் தரையில் பாவியதாக நினைவில்லை. அக்கம்பக்கத்தார் வந்தார்கள். கதையை ஏழு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஓடு தெறிக்கும் இடத்தில் என் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். சோடா பாட்டிலைக் குலுக்கினால் குமிழி ஏறுமே, அப்படி உள்ளுக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் இறங்கவே இல்லை.

அதன் பிறகு ஓர் அச்சகம். கூரை தொய்வதுபோல் பட்டது. ஹாரன். எல்லோரும் வந்தார்கள். கட்டடம் குத்துக்கல் மாதிரி நின்றது. அடுத்து ஒரு ரொட்டிக் கடை, ஒரு பள்ளிக்கூடத்தின் சாமான் அறை, ஒரு கார் பட்டறை. வரிசையாக வெளியே கூப்பிட்டேன், வரிசையாக எல்லாம் நின்றன. நாங்கள் வெளியே நின்ற நேரத்தில் ரொட்டிக் கடை மட்டும் முழுசாக எரிந்துபோனது.

மச்சினன்தான் எனக்குக் குடை மாமா என்று பெயர் வைத்தான். மழையில்லாத நாளில் குடையோடு அலைகிறவன் என்று அர்த்தம். நிலையம் முழுக்க அதுவே ஓடியது. ஹாரன் அடிக்கச் சொன்னால் டிரைவர், "நிஜமாவா சார்?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடுப்பைப் பார்த்துவிட்டு என் மனைவி, "பால் பொங்கப் போகுது, எல்லாரும் வெளிய வாங்க" என்று கூவினாள். மச்சினன் பலகையும் கையுமாக என்னைப்போலவே நடந்து காட்டினான். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் நடித்தான்.

எனக்கு யார்மேலும் கோபமில்லை. இன்னொரு கட்டடம் நான் சொன்னபடி விழுந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் தோன்றியது.

மெத்தைக் கிடங்கில் தீப் பாதுகாப்புச் சோதனைக்கு அந்த வியாழக்கிழமை என்னைத்தான் அனுப்பியிருந்தார்கள். முதலாளி வேறு இடத்துக்கு மாறிக்கொண்டிருந்தார். கீழே பாதி காலி. மேலே மரப் பரணில் பஞ்சு மெத்தைகள் அடுக்கியிருந்தன. பரணை மூன்று இரும்புத் தூண்கள் தாங்கின, தூணுக்கு இரண்டு போல்ட். காவலாளி எனக்கு டீ வாங்கப் போயிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தபடி நின்றேன். பஞ்சு மெத்தை தண்ணீர் குடித்தால் என்ன கனம் கனக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. குழாயைத் திறந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அதற்குமேல் அந்தப் பரண் நிற்காது, போல்ட் இல்லாவிட்டால்.

டீ நன்றாக இருந்தது. காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் கிடையாது. ஆள் இல்லாத இடம் என்பதில் நான் கவனமாக இருந்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தீயோடு பழகியவனுக்கு மற்றதெல்லாம் பெரிய காரியமில்லை. வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, தலை வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் புறப்படுகிறவனைப்போல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் இரண்டு இருபதுக்கு மணி அடித்தது. நிலையத்துக்கு ஓடிப் போய் வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கே தெரியாமல் பாடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"என்ன சார், இன்னைக்கு ஒரே குஷியா இருக்கீங்க?" என்றார் டிரைவர்.

நாலு பேர் உள்ளே போனார்கள். முதல் ஆள் மச்சினன். நேரத்தை எழுதிக்கொண்டேன். கட்டடத்தை ஒரு சுற்று வந்தேன். பார்க்க ஒன்றுமில்லைதான், இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. சரியாக ஒன்பதாவது நிமிஷம் டிரைவரிடம் போனேன்.

"சார், சுவரெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"அடிங்க."

அடித்தார். மூன்று பேர் வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டுதான், ஆனால் வந்தார்கள். வாக்கி டாக்கியில் மச்சினன் குரல் கேட்டது.

"மாமா, தீ அடங்கிடுச்சு. இன்னும் ரெண்டே நிமிஷம். மழை வந்தா குடைய நீங்க புடிங்க."

"வெளிய வா."

"எதுக்குன்னு சொல்லுங்க, வரேன்."

"நான் சொல்றேன்ல. வா."

சிரித்தான். சின்ன வயதிலிருந்தே அவன் சிரிப்பு அப்படித்தான், பக்கத்தில் இருப்பவனையும் இழுத்துக்கொள்ளும். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் அவன் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் கைக்கடிகாரத்தில் நாற்பது நொடி ஓடியது.

பரண் இறங்கிய சத்தம் பெரிதாக இல்லை. ஈர மூட்டையைக் கீழே போட்ட மாதிரி ஒரு பொத். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது, மேடம். இரண்டு வருஷமாக யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ராட்டினம் உச்சிக்குப் போய் இறங்குகிறபோது வயிற்றில் ஒரு கூச்சம் வருமே, அது வந்தது. கீழே விழாமலிருக்க வண்டியைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள்.

அவன் உடலை மூன்று ஐந்துக்கு வெளியே எடுத்தோம். ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னீங்களாமே. அவன்தான் கேக்கலையாமே" என்று அழுதாள். ஆமாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. பிறகு மூன்று வாரம் யாரும் என்னைக் குடை என்று கூப்பிடவில்லை. ஒரு மீன் கடையில் புகை வந்தது, ஒரே ஒரு ஹாரனுக்கே எல்லோரும் வெளியே பாய்ந்து வந்தார்கள். அழகாக இருந்தது.

போல்ட்டுகளை எறிய மனசு வரவில்லை. ஆறையும் என் ஸ்கூட்டர் பெட்டியில்தான் நீங்கள் எடுத்தீர்கள். கழற்றியது நான்தான். தீ வைத்ததும் நான்தான். இதில் மறைக்க எதுவுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நாற்பது நொடியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். என் கட்டைவிரல் வாக்கி டாக்கிப் பொத்தான் மேலேயே இருந்தது. 'போல்ட்டைக் கழற்றிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நிச்சயம் ஓடி வந்திருப்பான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படி வந்தால், அது என் பேச்சை நம்பி வந்ததாக ஆகாதே, மேடம்.