லேகியத்தை நிறுத்துவது எப்படி?

ஆரப்பாளையத்தில் டவுன் பஸ் கிளம்பும்போதே, முன்சீட்டில் இருந்தவன் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது.

"கைப்பழக்கத்தைப் பத்தி அவகிட்டயே சொல்லிட்டேன் மாப்ள."

பக்கத்தில் இருந்த நண்பன் பதறிப்போனான். "கட்டிக்கப்போற பொண்ணுகிட்டயாடா? கிறுக்குப் பயலே!"

"வேற என்ன செய்யச் சொல்ற? லாட்ஜுக்கு வர்ற வைத்தியரு, அந்தப் பழக்கத்தால நரம்பெல்லாம் போச்சுன்னுட்டாரு. கல்யாணத்தைத் தள்ளி வைப்போமான்னு அவகிட்ட கேட்டேன்."

"சிரிச்சுச்சா?"

"சிரிக்கல. மிஷன் ஸ்கூல் சயின்ஸ் டீச்சர்ல, கிளாஸ் எடுக்குற மாதிரி நிதானமாச் சொன்னா. அதுனால நரம்பும் தளராது, பிள்ளை பெறக்குறதும் நிக்காதாம். அதே நெனப்பாக் கெடந்து வேலைவெட்டி கெட்டாத்தான் டாக்டரைப் பாக்கணுமாம். 'இம்புட்டு நாளா இதுக்கா பயந்துக்கிட்டு இருந்தீங்க, பாவம்'னா. தேதியெல்லாம் மாத்த வேணாம்னுட்டா."

அந்தப் பெண்ணை நேரில் பார்த்து ஒரு வணக்கம் வைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

நண்பன் விளாங்குடி நெருங்கும்போது குரலைத் தணித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"மாப்ள, தங்கச்சிகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. என் பேரைச் சொல்லிராத."

"என்னது?"

"அதே வைத்தியர் எனக்குக் குடுத்த லேகியத்தை, ரெண்டு பிள்ளை பெத்த பெறகும் தின்னுக்கிட்டிருக்கேன்டா. வீட்ல சளிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். அதை டக்குனு நிப்பாட்டிறலாமா, இல்ல கொஞ்சங்கொஞ்சமாத்தான் நிப்பாட்டணுமா?"