நடுங்கும் கோடு

என்னை விசாரிக்க நீங்கள் மூவரும் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலிகளைத் தேர்வு செய்த குழுவில் நானும் ஒருவன். பார்க்க லட்சணமாக இருக்கும், அரை மணி நேரத்தில் முதுகைப் பதம் பார்த்துவிடும். வடிவமைப்புத் துறைக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு அது. அதனால் சுருக்கமாகவே சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

என் அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. பிறகு இடது கை, அப்புறம் நடையும் தடுமாறியது. அத்தான் போன பிறகு தனியாகச் சமாளிக்க முடியாமல் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். யார் தயவும் இல்லாமல் தன் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு ஆசை.

ஒருநாள் நூலகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேனா அலைந்து அலைந்து, தாளின் ஓரம்வரை போய் நின்றது. அவள் வெட்கப்பட்டுத் தாளை மடித்துக்கொண்டாள். எனக்கோ கண்ணை எடுக்க முடியவில்லை. இருபது வருடமாக மாணவர்களிடம் கோட்டில் உயிர் வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

மின்னணுத் துறை, நரம்பியல் துறை, நாங்கள் என மூன்று துறைகளும் சேர்ந்து, அக்காவின் நடுங்கும் கோட்டை ஓவியமாக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கினோம். மின்னணுத் துறையில் ஒரு பெண் இருக்கிறாள். எப்போது பார்த்தாலும் ஒயரும் கையுமாக அலைவதால் அவளைக் கம்பி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவள் செய்த பேனா, வரையும்போது கையின் நடுக்கத்தை அளந்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அங்கே ஒரு சுவர் முழுக்க அது ஒளியாக விரியும், கூடவே மெல்லிய ஓசையும் எழும். அக்கா முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "என் கையாடா இப்படி ஆடுது?" என்று சிரித்தாள். பார்க்க வந்தவர்களில் சிலர் அழுதார்கள். பெரிய அருங்காட்சியகம் ஒன்று ஒரு கூடம் முழுவதையும் எங்களுக்கு ஒதுக்கியது. அறுபது ஓவியங்கள் கேட்டார்கள். இருபத்திரண்டு முடிந்திருந்தபோது டாக்டர் அக்காவுக்குப் புது மாத்திரை எழுதினார்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. மூன்றாவது வாரம் அக்கா ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "பாரு, காம்பஸ் வெச்ச மாதிரி இல்ல?" டாக்டரும், இப்படியே போனால் இரண்டு மாதத்தில் அவள் தன் வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் ஆய்வகச் சுவரைப் பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டில் இருக்கிற வட்டம். புதிய படங்களில் ஏதோ குறைகிறது என்று அருங்காட்சியகத்தில் எங்கள் கூடத்துக்குப் பொறுப்பான அம்மாளும் எழுதியிருந்தார். அவர் மேல் தப்பில்லை, குறையத்தான் செய்தது.

ஆராய்ச்சிக்காகப் பங்கேற்பாளரின் சிகிச்சையில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று உங்கள் நெறிமுறைக் குழுவிடம் உள்ள படிவத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தான். இப்போதும் அதை மதிக்கிறேன்.

அக்காவின் மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நிரப்பி வைப்பேன். முதலில் காலை மாத்திரையை, அவள் வரைந்து முடித்த பிறகு கொடுத்தேன். ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். பிறகு அது போதவில்லை. அதே மஞ்சள் நிறத்தில், அதே அளவில் ஒரு சத்து மாத்திரை கடையில் கிடைத்தது. உடம்புக்கு நல்லதுதான், விசாரித்துவிட்டுத்தான் வாங்கினேன். முதலில் காலைக்கு மட்டும் வைத்தேன், போகப்போக மூன்று வேளைக்கும் வைத்தேன். கோடு திரும்பி வந்தது. கம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த மாதங்கள் எளிதாக இருந்தன என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவால் பொத்தான் போட முடியவில்லை. கரண்டி வாய்க்குப் போகாது. நான்தான் ஊட்டினேன், தலை வாரிவிட்டேன், குளியலறைவரை கூட்டிப்போனேன். "உனக்குப் பாரமாயிட்டேன்டா" என்று ஒருநாள் அழுதாள். நானும் அழுதேன். கண்ணெதிரே ஒரு மனுஷி இப்படித் தேய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பது எப்பேர்ப்பட்ட வேதனை என்று எனக்குத் தெரியும். டாக்டர் குழம்பிப்போய் இரண்டு முறை அளவைக் கூட்டினார். கூட்டிய எண்ணிக்கைப்படியே பெட்டியை நிரப்பினேன்.

நடுவில் ஒரு கருத்தரங்குக்காக வெளியூர் போனேன். அக்காவின் மகள் வந்து பார்த்துக்கொண்டாள். பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரியாமல், அலமாரியில் இருந்த அட்டையிலிருந்தே மாத்திரையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் போன் செய்தாள்.

"மாமா, அம்மா இன்னைக்குத் தானா பொத்தான் போட்டுக்கிட்டாங்க. வாசல் வரைக்கும் நடந்தாங்க."

நல்ல செய்திதான் என்றேன். திரும்பி வந்து, அவளை வழியனுப்பிவிட்டு, பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். இன்னும் பதினோரு படங்கள்தான் பாக்கி இருந்தன.

நான் திரும்பி வந்த பன்னிரண்டாம் நாள் அக்கா குளியலறையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் கம்பி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். வீட்டில் அக்கா தினமும் பத்து நிமிடம் வரைவதையும் பேனா பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாததல்ல, திட்டத்தை வகுத்தவனே நான். வெளியூரில் இருந்தபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"சார், நீங்க ஊர்ல இல்லாதப்ப மட்டும் நடுக்கம் குறைஞ்சிருக்கு."

"பேனால ஏதாவது கோளாறா இருக்கும்மா."

"பேனாவ நான்தான் சார் பண்ணேன்."

கதவைத் திறந்துகொண்டு போனாள். நேராக உங்களிடம் வந்தாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை, கெட்டிக்காரப் பெண்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம். ஏழு மாதம் என் அக்காவுக்கு மருந்து கிடைக்காமல் செய்தது நான்தான். டாக்டருக்குத் தெரியாது, கம்பிக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது என்றுதான் சற்று முன்புவரை நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரமாக நர்ஸ் கையால் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, அக்காவே பேனா கேட்டு வாங்கி எழுதியது என்று இந்தத் தாளை என் முன்னால் நகர்த்தி வைத்தீர்கள். ஒரே ஒரு வரி. "என் தம்பியை என் அறைக்குள் விடாதீர்கள்."

நான்கு தடவை படித்துவிட்டேன். நீங்களும் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை, வரி அளந்து வைத்தது போல நேராகப் போகிறது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இதில் என் அக்கா எங்கே இருக்கிறாள், நீங்களே சொல்லுங்கள்.