விபத்தில்லா வளாகம்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் ஒரு கால் ஆடுகிறது, ஐயா. பின்னால் சாயாதீர்கள். கண்ணில் பட்டதைச் சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பல்கலைக்கழகத்துப் பாதுகாப்பு அதிகாரி வேலை அப்படி ஆக்கிவிட்டது. மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஹெல்மெட்'. வைத்துவிட்டுப் போகட்டும்.

காவலாளி உங்களிடம் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் பாதியைத்தான் பார்த்தார். மீதியை நான் சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

விபத்தில்லா வளாகத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கேடயம் தருகிறார்கள். மதில் சுவருக்குள் யாருக்காவது அடிபட்டால் கேடயம் கிடையாது. வெளியே நடப்பது கணக்கில் வராது. அந்தக் கேடயம் எங்களை விட்டுப் போனதே இல்லை. நூலகப் படிக்கட்டில் ஒருவர் கையை உடைத்துக்கொண்டால் டீ வாங்கிக் கொடுத்து, பக்குவமாகப் பேசுவேன். டீ ஆறுவதற்குள், வீட்டுக் குளியலறையில் வழுக்கியதாக அவருக்கே ஞாபகம் வந்துவிடும்.

வேதியியல் ஆய்வகத்தில் விஷவாயு கசிந்தால் அலறும் மணி ஒன்று இருந்தது. அந்த வாரம் அது ஓயாமல் அலறியது. கேடயத்துக்காக வளாகத்தைப் பார்வையிட நடுவர்கள் வரும் நேரம். மணியின் ஒயரைக் கழற்றிவிட்டேன். மன நிம்மதியும் பாதுகாப்பில் சேர்ந்ததுதானே.

ஆய்வக உதவியாளர் என் தங்கை புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். தங்கமான பையன். என்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மச்சான், அந்த மணிய மாட்டிடுங்க. சும்மா ஒண்ணும் அது கத்தல. எங்கயோ கசியுது."

"நடுவருங்க வந்துட்டுப் போகட்டும், மாப்பிள்ளை. அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் என் பேச்சைத் தட்டியதில்லை. அன்றும் தட்டவில்லை.

நடுவர்கள் வரும் நாளன்று எல்லோரும் வரவேற்பு ஒத்திகைக்காக அரங்கத்துக்குப் போய்விட்டார்கள். நான் கடைசியாக ஒரு சுற்றுப் பார்க்க வந்தேன். ஆய்வகத் தரையில் அவன் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது, இருமிக்கொண்டிருந்தான். முதலில் என் முகமூடியை மாட்டிக்கொண்டேன். காப்பாற்றப் போகிறவன் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. பிறகு முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல் அவனைத் தூக்கிச் சாமான் ஏற்றும் தள்ளுவண்டியில் கிடத்தினேன். விழுந்துவிடாமல் இடுப்பில் பட்டையும் கட்டினேன். வளாகத்துக்குள் வேகமாகப் போகக் கூடாதென்று விதி போட்டவனே நான், அதனால் மெதுவாகவே தள்ளினேன்.

காவலாளி, "என்னாச்சு சார்?" என்று ஓடி வந்தார். வெயிலில் மயக்கம் என்றேன். வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் அவனை இறக்கி, தலை தொங்காமல் சாய்த்து உட்கார வைத்தேன். வண்டியைத் திரும்ப உள்ளே விட்டுவிட்டு வந்துதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அது வந்தபோது அவன் உடம்பு குளிர்ந்திருந்தது. கேடயத்தை அன்று மாலை என் கையில்தான் கொடுத்தார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். அழுது அழுது அவள் குரலே கம்மிவிட்டது. "அண்ணா, கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று தினமும் கேட்கிறாள். இல்லை என்கிறேன். எனக்கு உறுத்துவது அந்த ஒரு பொய்தான். அவன் சொன்னான். ஆய்வகத்தை ஒட்டிப் பின்னாலேயே எங்கள் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பாதி வழியில் கண்ணைத் திறந்து பார்த்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்."

எனக்குத் தெரியாதா அது? ஆஸ்பத்திரியும் மதில் சுவருக்குள்தான் இருக்கிறது, ஐயா.

நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாசலைத் தாண்டும்வரை அவனுக்கு மூச்சு இருந்தது. என் பொறுப்பில் இருந்தவரை அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.